காரச்சாய் முதல் லோரோங் ஹாலுஸ் வரை: ஏரி கெடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிங்கப்பூரின் ஜூரோங் ஏரிப் பூங்காவில் நாங்கள் பதினைந்து இருபது பேர் சேர்ந்து நடப்போம். நடை முடிந்ததும் கோப்பிக்கடை. துவாஸில் ஓர் ஆலையின் கழிவுநீர்ப் பிரிவில் 22 வருடம் சாம்பிள் பாட்டில் தூக்கியவன் நான். அதனால் தண்ணீர் பற்றிய சந்தேகம் எதுவானாலும் என் மேசைக்கு வந்துவிடும். "இந்த ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நின்றால் மரணம்" என்று ஒரு படம் குழுவின் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்ததிலிருந்து அதே கேள்விகள் வாராவாரம். சொல்லிச் சொல்லி வாய் வலித்து, கடைசியில் எழுதிவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே இருக்கின்றன.

1. அந்த ரஷ்ய ஏரி நிஜமா, இல்லை வாட்ஸ்அப் கதையா?

நிஜம். பெயர் காரச்சாய். தெற்கு யூரல் மலைப்பகுதியில், செல்யாபின்ஸ்க் மாநிலத்தில் இருந்தது. துருக்கிய மொழிகளில் அந்தப் பெயருக்குக் கருந்தண்ணீர் என்று பொருள் சொல்கிறார்கள். நம் ஜூரோங் ஏரியைவிடச் சிறியது. பக்கத்தில் இருப்பது மாயாக் என்ற அணு ஆலை. 1948 முதல் சோவியத் அணுகுண்டுக்குப் புளூட்டோனியம் தயாரித்த இடம் அது. அதன் கதிரியக்கக் கழிவுதான் இந்த ஏரியில் போய் விழுந்தது.

மரணக் கதையும் கட்டுக்கதை இல்லை. 1990 வாக்கில், கழிவு வந்து விழும் இடத்துக்கு அருகே கரையில் மணிக்கு 600 ராண்ட்ஜன் (கதிர்வீச்சை அளக்கும் பழைய அலகு) பதிவானது. ஒரு மணி நேரம் அங்கே நிற்பவர் பிழைப்பது கடினம். ஏரியில் மொத்தம் சேர்ந்த கதிரியக்கம் ஏறத்தாழ 12 கோடி கியூரி (அலகுகளை 7ஆம் கேள்வியில் விளக்குகிறேன்), அதில் பெரும்பகுதி சீசியம்-137, மீதி ஸ்ட்ரான்ஷியம்-90, இரண்டும் கதிரியக்கப் பொருள்கள். செர்னோபில் அணு உலை விபத்தில் வெளியான சீசியம்-137ஐவிட இது பல மடங்கு. ஒரு விஷயத்தில் மட்டும் அந்த வாட்ஸ்அப் படம் பழசு: இன்று அங்கே ஏரியே கிடையாது. 4ஆம் கேள்வியில் வருகிறேன்.

2. ஏரியில் கொண்டுபோய்க் கொட்டுவார்களா? படித்தவர்கள்தானே அண்ணே?

படித்தவர்கள்தான். முதலில் அவர்கள் கொட்டியது தேச்சா என்ற ஆற்றில். 1949 முதல் கழிவு நேராக அதில் போனது. கரையோரக் கிராமங்களில் ஏறத்தாழ 28,000 பேர் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள், மாட்டுக்குக் காட்டினார்கள், துணி துவைத்தார்கள். அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாம் ராணுவ ரகசியம்.

ஆறு கழிவை ஊர் ஊராக எடுத்துப் போகிறது என்று தெரிந்ததும், 1951 அக்டோபரில் காரச்சாய்க்குத் திருப்பினார்கள். காரணம் எளிது: அந்த ஏரியிலிருந்து எந்த ஆறும் புறப்படவில்லை. உள்ளே போனது உள்ளேயே கிடக்கும் என்று கணக்குப் போட்டார்கள். மேலே பார்த்தால் கணக்கு சரி. அடியில் நிலத்தடி நீர் என்று ஒன்று இருக்கிறதே! ஏரிக்கு அடியிலிருந்து கழிவு மெல்ல மெல்ல நிலத்துக்குள் நகர்ந்துகொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

3. 1957இல் வெடித்தது இந்த ஏரிதானே?

இல்லை. அதே ஆலை, வேறு சம்பவம். 1957 செப்டம்பர் 29 அன்று, நிலத்தடியில் கழிவு வைத்திருந்த தொட்டி ஒன்றின் குளிரூட்டும் அமைப்பு பழுதாகி, உள்ளே சூடேறி வெடித்தது. கிஷ்டிம் விபத்து என்பது அதுதான். ஏரி வெடிக்காது.

4. ஏரியில் தண்ணீர் இருந்தால் ஆபத்தா, வற்றினால் ஆபத்தா?

என்னைக் கேட்டால், எல்லாரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்டவர் ஒரே ஒருவர், சிராங்கூனில் பூ கட்டும் அம்மா.

வற்றினால்தான் ஆபத்து. ஏரியில் விழும் சீசியம் நீரில் கரைந்தபடியே மிதந்துகொண்டிருப்பதில்லை. களிமண் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பாதரசம், ஈயம் போன்ற உலோகங்களும் இப்படித்தான் பெரும்பாலும் அடிவண்டலில் போய் உட்காரும். மேலே இருக்கும் தண்ணீர் ஒரு மூடி மாதிரி. 1967இல் காரச்சாய் பகுதியில் மழை பொய்த்தது. நீர்மட்டம் இறங்கியது, கரைச் சேறு வெயிலில் காய்ந்து பொடியானது, காற்று அதை அள்ளிக்கொண்டு போனது. வெடிச்சத்தம் இல்லை, புகை இல்லை, வெறும் தூசி. பல்லாயிரம் பேர் வாழும் ஊர்களின் மேல் அது படிந்தது.

அதற்குப் பிறகுதான் ஏரியையே மூட முடிவெடுத்தார்கள். 1978 முதல் 1986 வரை ஏறத்தாழ 10,000 உள்ளீடற்ற கான்கிரீட் கட்டைகளை இறக்கினார்கள். சேறு அவற்றின் உள்ளே சிக்கிக்கொள்ளும், அலை வந்தாலும் நகராது என்பது யோசனை. பாறையும் மண்ணும் கொட்டி, 2015 நவம்பரில் கடைசித் திறந்த நீர்ப்பரப்பும் மறைந்தது. இப்போது அது மண்மேடு. கழிவு எங்கேயும் போகவில்லை, கீழேதான் இருக்கிறது.

5. கதிர்வீச்சு, கதிரியக்க மாசு, இரண்டும் ஒன்றுதானே?

அடுப்புக்கு முன்னால் நிற்கிறீர்கள், சூடு படுகிறது. நகர்ந்துவிட்டால் சூடு நின்றுவிடும். அது கதிர்வீச்சு. அடுப்புக்கரி கையில் ஒட்டிக்கொண்டது, வீட்டுக்குள் போனீர்கள், கதவில் ஒட்டியது, குழந்தை கன்னத்தில் ஒட்டியது. அது மாசு. ஒரே வித்தியாசம், இந்தக் கரி ஒட்டிய இடத்திலிருந்தும் சூடு கொடுத்துக்கொண்டே இருக்கும்.

ஏரி விஷயத்தில் நாம் பயப்பட வேண்டியது இரண்டாவதற்கு. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்தவர் தொட்ட தண்ணீர் கெட்டுப்போகாது. கதிர் பட்ட தண்ணீர் வேறு, கதிரியக்கப் பொருள் கலந்த தண்ணீர் வேறு.

6. எங்கள் யார்டில் ராத்திரி வெல்டிங்குக்கு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். கயிறு கட்டி, விளக்கு வைத்து, யாரும் வராதே என்கிறார்கள். அந்தப் பெட்டி தண்ணீரில் விழுந்தால்?

இதைக் கேட்டவர் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் புதுக்கோட்டைத் தம்பி. நல்ல கேள்வி. அந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது இரிடியம்-192. உலோகத் துண்டு, எஃகுக் கூட்டுக்குள் மூடி ஒட்டப்பட்டது, நீரில் கரையாது. 74 நாளுக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகும். தண்ணீரில் விழுந்தால் அதை எடுக்கும்வரை அந்த இடத்துக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். ஏரி முழுவதும் கெட்டுப்போகாது. கயிற்றைத் தாண்டாதே என்று சொன்னால் தாண்டாதே, தம்பி. உனக்கு ஆபத்து அந்த இடத்தில், அந்த நேரத்தில்தான்.

மூடியதைத் திறந்தால் கதை வேறு. 1987இல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவமனையிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக் கருவி ஒன்றைப் பழைய இரும்புக்காக எடுத்துப்போய் உடைத்தார்கள். உள்ளே இருந்தது சீசியம் குளோரைடு, உப்பு மாதிரி ஒரு பொடி. இருட்டில் நீலமாக மின்னுகிறது என்று வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பங்கு போட்டார்கள். 249 பேர் மேல் மாசு ஒட்டியது, நான்கு பேர் இறந்தார்கள். பெட்டியில் இருப்பதும் இதுவும் கதிரியக்கப் பொருள்தான், ஆனால் கரையும் பொடியா கரையாத துண்டா என்பதைப் பொறுத்து எல்லாம் மாறிவிடுகிறது.

7. பெக்கரல், சீவர்ட், கியூரி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது பெரிசு?

வெவ்வேறு தராசு. பெக்கரல் என்பது பொருளில் நொடிக்கு எத்தனை அணு சிதைகிறது என்ற எண்ணிக்கை. கியூரி அதற்கே பழைய, மிகப் பெரிய படி. சீவர்ட் என்பது உங்கள் உடம்புக்கு எவ்வளவு பாதிப்பு என்ற கணக்கு. சில்லறையை எண்ணுவது பெக்கரல், அதனால் உங்கள் கடன் எவ்வளவு ஏறியது என்பது சீவர்ட்.

பெக்கரல் எண் பெரிதாகத் தெரிவதால் பயமுறுத்த வசதி. ஒரு வாழைப்பழத்தில் ஏறத்தாழ 15 பெக்கரல் இருக்கிறது, இயற்கையான பொட்டாசியம்-40. உங்கள் உடம்பில் இப்போதே சுமார் 4,000. குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டி அளவு சீசியம்-137க்கு லிட்டருக்கு 10 பெக்கரல், ஸ்ட்ரான்ஷியம்-90க்கும் அதே 10. தண்ணீர் வழியாக வருடத்துக்கு 0.1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்று வைத்துப் போட்ட கணக்கு அது. உலக மக்கள் இயற்கையிலிருந்தே சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் வாங்குகிறார்கள்.

8. விட்டுவிட்டால் எத்தனை நாளில் தானாகச் சரியாகும்?

சீசியம்-137க்கு அரை ஆயுள் 30 வருடம். முப்பது வருடத்தில் பாதி, அறுபதில் கால், 300 வருடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஸ்ட்ரான்ஷியம்-90க்கும் ஏறத்தாழ அதே கணக்கு. நம் தாத்தாக்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறியதிலிருந்து இன்றுவரை போன காலத்தைப் போல மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாதரசத்துக்கும் குரோமியத்துக்கும் இந்தச் சலுகைகூடக் கிடையாது. அவற்றுக்கு அரை ஆயுள் என்ற ஒன்றே இல்லை.

9. அப்படியென்றால் ஆலைக்கழிவு பரவாயில்லை, கதிரியக்கம்தான் மோசம். சரியா?

சரியில்லை. இந்த எண்ணத்தோடு எனக்குப் பழைய சண்டை. கதிரியக்கம் என்றதும் கோப்பிக்கடையே நிமிர்ந்து உட்காரும். பாதரசம் என்றால் "ஓ, தெர்மாமீட்டரா?" என்று கோப்பியைக் குடிப்பார்கள்.

தெர்மாமீட்டரையே எடுத்துக்கொள்வோம். கொடைக்கானலில் பாதரசத் தெர்மாமீட்டர் செய்யும் தொழிற்சாலை ஒன்று 2001இல் மூடப்பட்டது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிகள் பழைய சாமான் கடையில் குவிந்து கிடந்ததை ஊர்க்காரர்கள் கண்டுபிடித்ததால் வந்த மூடல் அது. பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும், காற்றோடு போகும், மழையோடு இறங்கும். நாம் தேனிலவுக்குப் போய்ப் படகு ஓட்டிய அந்த ஏரியின் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருந்ததை ஆய்வாளர்கள் அளந்து எழுதினார்கள். வேலை செய்தவர்களில் 591 பேர் தொடுத்த வழக்கு 2016இல்தான் சமரசத்துக்கு வந்தது. மூடி 15 வருடம் கழித்து.

இன்னொன்று திருப்பூர்ப் பக்கம், நொய்யலில் உள்ள ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்காகக் கட்டினார்கள். சாயப்பட்டறைக் கழிவு வந்து தேங்கி, தண்ணீரைத் தேக்கவே வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலைக்கு வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நம் குழுவில் இரண்டு பேர் அந்தப் பக்கத்துக்காரர்கள். ஊரில் கிணற்றுத் தண்ணீர் எந்த நிறத்தில் வந்தது என்பதை வைத்து அந்த சீசனில் எந்த நிற பனியன் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம் என்பார்கள். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள்.

ஜப்பானின் மினமாட்டா வளைகுடாவிலும் குற்றவாளி பாதரசம்தான். 1956இல் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. அடிச்சேற்றைத் தோண்டி எடுத்து, வளைகுடாவின் ஒரு பகுதியையே நிலமாக மூடும் வேலை 1990 வரை நடந்தது. காரச்சாய்க்கும் மினமாட்டாவுக்கும் முடிவு ஒரே மாதிரி என்பதைக் கவனித்தீர்களா? சேற்றை என்ன செய்வது என்று தெரியாமல் மூடி வைத்தார்கள்.

10. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அப்புறம் என்ன பயம்?

கண்ணாடி மாதிரி இருப்பது எதற்கும் சாட்சி இல்லை. அமிலக் கழிவு விழுந்து உயிரினம் எல்லாம் செத்துப்போன குளம்தான் நான் பார்த்ததிலேயே தெளிவான தண்ணீர். நம் நீர்த்தேக்கங்கள் பச்சையாகவும் பழுப்பாகவும் இருப்பது பாசியாலும் மழை கொண்டுவரும் மண்ணாலும். பார்க்க அழகில்லை, அவ்வளவே.

11. கொதிக்க வைத்தால் போதாதா?

கிருமிக்குப் போதும். சீசியம், பாதரசம், ஈயம், உப்பு எதற்கும் போதாது. ரசம் சுண்டினால் உப்பு கரிக்கிறதே, அதே கதைதான். தண்ணீர் ஆவியாகப் போகும், கரைந்தது கீழே தங்கி அடர்த்தியாகும். கரி வடிகட்டி குளோரின் வாடையைப் போக்கும், கரைந்த சீசியத்தை அது பிடிக்காது. எதிர்ச் சவ்வூடு பரவல், அதாவது ஆர்ஓ, கரைந்த உலோகங்களில் பெரும்பகுதியைத் தடுக்கும். கழிவுநீரை மறுசுத்திகரித்து 2003 முதல் நமக்கு வரும் புதுநீர் தயாரிப்பில் நடுப்படி அதுதான். முதலில் நுண்வடிகட்டல், பிறகு ஆர்ஓ, கடைசியில் புற ஊதா ஒளி.

12. ஒருவர் வீட்டுக்கு வந்து நம் குழாய்த் தண்ணீரில் கம்பியை விட்டுக் காட்டினார். அப்படியே பழுப்பாகி விட்டது! அது மாசுதானே?

புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அக்கா வீட்டிலும் இதே நாடகம் நடந்தது, நான் சோபாவில் உட்கார்ந்திருந்தபோதே. வந்தவர் இரண்டு கிளாஸ் வைத்தார். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த கருவியின் தண்ணீர். இரண்டிலும் உலோகக் கம்பி ஜோடியை விட்டு மின்சாரம் கொடுத்தார். அரை நிமிடத்தில் குழாய்த் தண்ணீர் சேற்றுக் குட்டையாக நுரைத்தது. அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். "இதைத்தான் ஆன்ட்டி இத்தனை வருஷம் குடிச்சீங்க." கருவி விலை 1,800 வெள்ளி.

நான் எழுந்து போய்ச் சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பு எடுத்து வந்து, அவருடைய "சுத்தமான" கிளாஸில் போட்டு, மறுபடி விடுங்கள் என்றேன். அதுவும் பழுப்பானது. நடந்தது இதுதான்: ஒரு கம்பி இரும்பு. தண்ணீரில் சாதாரணத் தாது உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், இரும்பு அரித்துத் துருவாக மிதக்கும். உப்பு நீக்கிய தண்ணீரில் மின்சாரம் பாயாது, துரு வராது. பழுப்பு முழுவதும் அவர் கம்பியிலிருந்து வந்தது. கையில் பேனா மாதிரி ஒரு கருவியை வைத்துக்கொண்டு எண் காட்டுபவர்களும் உண்டு. அது கரைந்த உப்பின் மொத்த அளவை மட்டும் காட்டும். கதிரியக்கத்தையோ, ஆபத்தான அளவுப் பாதரசத்தையோ அது அறியாது.

13. ஜூரோங் ஏரி தொழிற்பேட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆலைக்கழிவு இதில்தானே வரும்?

ஏரி என்று சொல்கிறோமே தவிர, இது 1971இல் ஜூரோங் ஆற்றைத் தடுத்து உண்டாக்கியது. நாட்டின் 17 நீர்த்தேக்கங்களில் ஒன்று. ஆலைக்கழிவு இதற்குள் வரக் கூடாது என்பதற்கு இரண்டு ஏற்பாடு உண்டு. ஒன்று, அதிக மாசு உண்டாக்கும் ஆலைகளை நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு வெளியே வைப்பது. துவாஸும் ஜூரோங் தீவும் அப்படிப்பட்ட இடங்கள். இரண்டு, சிங்கப்பூரில் மழைநீர் ஒரு வழி, கழிவுநீர் ஒரு வழி. இரண்டும் கலப்பதில்லை. ஆலை தன் கழிவை வரம்புக்குள் சுத்தம் செய்து பாதாளச் சாக்கடையில் விட வேண்டும். அங்கேயும் ஆவியாகும் ரசாயனங்களை மோப்பம் பிடிக்கும் உணர்கருவிகளை, நாட்டின் தண்ணீர் அமைப்பான பியுபி வைத்திருக்கிறது. நான் வேலை பார்த்த இடத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ தவறான வால்வைத் திறந்துவிட்டார்கள் என்று காலையிலேயே அதிகாரிகள் பாட்டிலோடு வந்து நின்றார்கள். அன்று மேலாளர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஏரிக்கு வரும் மாசு பெரும்பாலும் மழைநீர்க் கால்வாய் வழியாகத்தான். நம் வாய்க்குப் பழகிய பெயர், லோங்காங். தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் விழும் மழை இப்படி நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது. காரச்சாயில் ஏரியைச் சாக்கடை ஆக்கினார்கள். இங்கே உங்கள் புளோக் முன்னால் ஓடும் கால்வாயே ஏரியின் வாய்.

14. குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் நீர்த்தேக்கம் கட்டியிருக்கிறார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. லோரோங் ஹாலுஸ். 1999 வரை அங்கே குப்பை கொட்டினார்கள். அதன் பிறகு எரித்த சாம்பல் எல்லாம் செமக்காவ் தீவுக்குப் போகிறது. பழைய மேட்டை ஒட்டி ஓடிய சிராங்கூன் ஆற்றைத் தடுத்து 2011இல் நீர்த்தேக்கம் ஆக்கினார்கள். குப்பைக்குள் இறங்கும் மழை, கறுப்புத் தேநீர் மாதிரி ஊறி வெளியே கசியும். அம்மோனியா, உலோகம், கரிமப் பொருள் எல்லாம் அதில் இருக்கும். அது நீர்த்தேக்கத்தில் கலந்தால் கதை முடிந்தது.

அதனால் மேட்டுக்கும் நீருக்கும் நடுவே மண்ணுக்குள் தடுப்புச்சுவர் இறக்கி, கசிவை வழிமறித்து, நாணல் படுகைகளுக்கு ஏற்றுகிறார்கள். நாணலின் வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்கின்றன. அதற்குப் பிறகும் அந்த நீரை நீர்த்தேக்கத்தில் விடுவதில்லை, கழிவுநீர்க் குழாய்க்கே அனுப்புகிறார்கள். எனக்குப் பிடித்த இடம் இது. சிவப்புப் பாலத்தில் மணமக்கள் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். கீழே நாணல் ஆடிக்கொண்டிருக்கும். முப்பது வருடக் குப்பைக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. போய்க் கெடுக்க வேண்டாம் என்று என் மனைவி இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

நாணல் நட்டால் கதிரியக்கமும் போய்விடுமா என்று உடனே ஒரு கேள்வி வரும். போகாது. நுண்ணுயிர் தின்று செரிப்பது கரிமப் பொருளை. சீசியத்தை எந்தப் பூச்சியாலும் செரிக்க முடியாது. செடி உறிஞ்சினால் மாசு சேற்றிலிருந்து செடிக்கு இடம் மாறும், அவ்வளவே.

15. ஜோகூரில் யாராவது கொட்டினால் நமக்கு வராதா?

வரலாம், வந்தும் இருக்கிறது. 1962 ஒப்பந்தப்படி ஜோகூர் ஆற்றிலிருந்து நாளுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம், 2061 வரை. 2019 ஏப்ரலில் ஆற்றில் அம்மோனியா ஏறியதால் அங்கே உள்ள நீர் நிலையத்தை நிறுத்த வேண்டி வந்தது. நம் குழாய் நிற்கவில்லை. கடல்நீரும் புதுநீரும் உள்ளூர் நீர்த்தேக்கமும் ஈடு கொடுத்தன. அம்மோனியா குளோரினைத் தின்றுவிடும், அதனால் கிருமி நீக்கம் குழம்பும். நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம்.

அதே வருடம் மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் ரசாயனம் கொட்டியது பலருக்கு நினைவிருக்கும். 111 பள்ளிகளை மூடினார்கள், ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள். அது வேறு ஆறு. நாம் நீர் எடுப்பது அதிலிருந்து இல்லை.

16. ஏரியில் பிடித்த மீனைச் சாப்பிடலாமா?

நம் நீர்த்தேக்கங்களில் குறித்துவிட்ட இடத்தில் மட்டும்தான் தூண்டில் போடலாம், அதுவும் செயற்கை இரையோடு. இந்த விதியைத்தான் முதலில் பாருங்கள்.

பொதுவாகச் சொன்னால், கெட்ட ஏரியில் மீன்தான் நமக்கும் சேற்றுக்கும் நடுவே உள்ள பாலம். சீசியம் சதையில் சேரும். ஸ்ட்ரான்ஷியம் எலும்பில் சேரும், கால்சியம் என்று ஏமாந்து உடம்பு அதை எடுத்துக்கொள்ளும். நெத்திலி மாதிரி முள்ளோடு சாப்பிடும் மீனில் இது கவனிக்க வேண்டியது. பாதரசம் சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறிக்கொண்டே போகும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற சுறாப் புட்டு கொடுப்பது நம் வீட்டு வழக்கம். என் அம்மாவும் கொடுத்தார். சொல்லச் சங்கடமாக இருந்தாலும் சொல்கிறேன்: கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் சுறாவைக் குறைப்பது நல்லது. பெரிய சுறாவைத் தவிர்த்தே விடலாம். பூண்டும் முருங்கைக்கீரையும் இருக்கவே இருக்கின்றன.

17. புகுஷிமா தண்ணீரைக் கடலில் விட்டுவிட்டார்களே. அது காரச்சாய் மாதிரிதானே?

இல்லை. காரச்சாயில் போனது சுத்திகரிக்காத சீசியமும் ஸ்ட்ரான்ஷியமும். ஜப்பான் 2023 ஆகஸ்ட் 24 முதல் விடுவது வடிகட்டி நீர்த்த தண்ணீர். அதில் முக்கியமாக மிஞ்சியிருப்பது டிரிட்டியம், லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்குக் கீழ் என்ற வரம்போடு. குடிநீருக்கே உலகச் சுகாதார நிறுவனத்தின் டிரிட்டிய வழிகாட்டி அளவு 10,000. 7ஆம் கேள்வியில் சீசியத்துக்கு 10 என்று சொன்னேன். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெக்கரலை மட்டும் வைத்துப் பயப்படக் கூடாது என்று ஏன் சொன்னேன் என்பது புரியும். டிரிட்டியம் என்பது ஹைட்ரஜனின் ஒரு வகை, தண்ணீராகவே மாறியிருக்கும். அதனால்தான் ஆர்ஓவும் அதைப் பிரிக்காது. களிமண்ணும் பிடிக்காது. சேற்றில் தங்குவதற்குப் பதில் கலைந்து போய்விடும்.

18. எங்கள் ஊர்க் கடற்கரை மணலிலேயே கதிர்வீச்சு இருக்கிறது. நாங்கள் நன்றாகத்தானே இருக்கிறோம்?

கேட்டவர் நாகர்கோவில் அங்கிள், எழுபத்தெட்டு வயது, எங்களில் வேகமாக நடப்பவர். மணவாளக்குறிச்சிப் பக்க மணலில் மோனசைட் உண்டு, அதில் தோரியம் உண்டு. கேரளத்தின் கருநாகப்பள்ளியிலும் அப்படியே. அங்கே பல ஆண்டு மக்களைத் தொடர்ந்து பார்த்து 2009இல் வந்த ஆய்வு, கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காட்டவில்லை.

இதை வைத்து ஏரியில் கொட்டலாம் என்று வாதாட முடியாது, அங்கிள். 5ஆம் கேள்வியின் அடுப்புதான் மறுபடியும். மணல் பெரும்பாலும் வெளியிலிருந்து சூடு காட்டுகிறது. தேச்சாக்காரர்கள் குடித்தது கரியை.

19. சிங்கப்பூரிலும் அணுமின் நிலையம் வரப்போகிறதாமே. அப்போது நம் நீர்த்தேக்கம்?

இன்று இங்கே அணுமின் நிலையம் இல்லை. கட்டுவதென்று முடிவும் எடுக்கவில்லை. ஆராய்கிறார்கள். 2024 ஜூலையில் அமெரிக்காவோடு அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. அணுப் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தனிக் கழகமே இருக்கிறது.

காரச்சாயை இதோடு முடிச்சுப் போடுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த ஏரியைக் கெடுத்தது மின்சாரம் இல்லை. உலையில் வெந்த எரிபொருளை அமிலத்தில் கரைத்து, குண்டுக்குப் புளூட்டோனியத்தைப் பிரித்தபோது மிஞ்சிய திரவக் கழிவு. நாளைக்கு யாராவது பொதுக்கூட்டத்தில் கருத்துக் கேட்டால், உலை வெடிக்குமா என்று மட்டும் கேட்டுவிட்டு உட்காராதீர்கள். பயன்படுத்திய எரிபொருள் எங்கே இருக்கும், திரவமாகவா திடமாகவா, எத்தனை வருடம், யார் பொறுப்பு என்று கேளுங்கள். நான் அதைத்தான் கேட்பேன்.

20. அண்ணே, நான் பெயிண்ட் வேலை. பக்கெட்டை லோங்காங்கில்தான் கழுவுகிறேன். கொஞ்சூண்டுதானே, அதுவும் தப்பா?

தப்புதான், சட்டப்படியும் குற்றம். 13ஆம் கேள்வியைப் படித்துக் காட்டினேன். நீ கழுவிய வெள்ளைத் தண்ணீர் அடுத்த மழைக்கு ஏரியில் இருக்கும். அதில் கலந்தது களிமண்ணோடு அடியில் போய் உட்காரும்.

செய்ய வேண்டியது கஷ்டமில்லை. பக்கெட்டில் ஒட்டியதை முதலில் சுரண்டு, பழைய பேப்பரால் துடை, அதைக் காயவிட்டுக் குப்பையில் போடு. தண்ணீரில் கரையும் பெயிண்டாக இருந்தால் மிச்சத்தைக் கழிவறையில் கழுவு, அது கழிவுநீர்க் குழாய்க்குப் போகும். தின்னர், எண்ணெய்ப் பெயிண்ட் எதுவும் எந்தக் குழாய்க்குள்ளும் போகக் கூடாது. தகர டப்பாவில் மூடி வைத்து, உரிமம் உள்ள ரசாயனக் கழிவு எடுப்பவரிடம் கொடுக்கச் சொல்லி முதலாளியிடம் கேள்.

கேட்டாராம். "யார் உனக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தது?" என்றாராம் முதலாளி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த முதலாளியும் நடைக்கு வந்துவிட்டார். கையில் ஒரு டப்பா. "இதை எங்கே கொடுப்பது, நீங்களே சொல்லுங்கள்."